பாய்மரம் நிமிரும் வேளை

கட்டுமரம் என்பது எமது கரையோரத்துச் சொல். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டம்பியர் 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கிய மரமிதவைகளை இந்தப் பெயராலேயே குறிப்பிட்டார். அன்று தொடங்கி அச்சொல் உலகத்தைச் சுற்றி வந்து விட்டது. ஆனால் போன சொல் வேறு, திரும்பி வந்த சொல் வேறு. இன்று ஐரோப்பியரும் அமெரிக்கரும் “கற்றமரான்” என்று சொல்லும்போது, மரக்குற்றிகளைக் கயிற்றால் பிணைத்த எமது மிதவையை அவர்கள் நினைப்பதில்லை. ஒடுங்கிய இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு வைத்து, குறுக்குத் தண்டுகளால் இணைத்த படகையே அவர்கள் நினைக்கிறார்கள். அந்த அமைப்பு உண்மையில் பசிபிக் தீவு மக்களுடையது. அவர்களின் படகுக்கு எங்கள் பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும்.

மேற்கு நாட்டவர் இப்படகின் வேகத்தை உணர நீண்டகாலம் சென்றது. 1876இல் நதானியல் ஹெரஷொவ் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் இரட்டை ஓடப் படகொன்றை நியூயோர்க் போட்டிக்குக் கொண்டுவந்து மற்றப் படகுகளை முந்தினார், தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அதன் பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹோபி ஆல்டர் என்பவர் கரையிலிருந்து தள்ளி இறக்கக்கூடிய சிறிய இரட்டை ஓடப் படகை உருவாக்கினார். 1968இல் 14 அடிப் படகு வந்தது. அதையடுத்து வந்த 16 அடிப் படகு ஒரு இலட்சத்துக்கு மேல் விற்பனையாகி, உலகின் கடற்கரைகளெங்கும் பரவியது. அதன் நீளம் 5 மீற்றருக்குச் சற்று மேல், அகலம் 2.4 மீற்றர், எடை 145 கிலோ. பாய்மரமோ 8 மீற்றர். படகை விட மரம் 3 மீற்றர் நீளம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இக்கட்டுரையின் விஷயமே அதில்தான் இருக்கிறது.

இது விளையாட்டுப் படகு, மீன்பிடிப் படகு அன்று. வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏற்றினால் ஓடங்கள் அமிழ்ந்துவிடும். அப்படியிருக்க அதைப்பற்றி எமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 1990களில் பொருளாதாரத் தடையின்போது வடபகுதி மக்கள் மண்ணெண்ணெய்க்குப் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பிய கடற்றொழிலாளர் எல்லாக் கரைகளிலும் படகுகளை இழுத்து வைத்தார்கள். அப்படியான நாட்களில் “பாய் கட்டினால் என்ன?” என்ற பேச்சு எழுவது இயல்பு. ஆனால் பாய் விரித்து ஓடிய தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பாயை விட முதலில் மறக்கப்படுவது மரத்தை நிறுத்தும் வேலைதான். ஏனெனில் அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை; நாலு பேர் சேர்ந்து “ஏலேலோ” போட்டுத் தூக்குவதோடு சரி. சிறிய இரட்டை ஓடப் படகில் அந்த வேலை ஒழுங்காக எழுதப்பட்டு, ஆராயப்பட்டு, திருத்தப்பட்டு வந்திருக்கிறது. அங்கு படித்ததை எமது 18 அடிப் பைபர் படகுக்கும் பயன்படுத்தலாம்.

மரம் எதில் நிற்கிறது?

எமது வள்ளத்தில் பாய்மரம் படகின் அடிவரை இறங்கி, பலகைத் துளையொன்றில் சிக்கி நிற்கும். ஆகவே கயிறு இல்லாமலே ஓரளவு நிற்கக்கூடியது. இரட்டை ஓடப் படகில் நடுவில் ஓடமே கிடையாது; இரண்டு ஓடங்களுக்கும் இடையே கித்தான் தட்டுத்தான். மரத்தின் அடி முன்பக்கக் குறுக்குத் தண்டின் நடுவில், சிறு குமிழ் போன்ற பீடத்தின்மேல் வெறுமனே வைக்கப்பட்டிருக்கும். அது காற்றுக்கேற்பத் திரும்பவும் வேண்டும் என்பதால் இறுக்கிப் பூட்டுவதும் இல்லை. மரத்தை நிமிர்த்தி வைத்திருப்பவை மூன்று உருக்குக் கம்பிகள் மாத்திரமே. இரண்டு பக்கக் கம்பிகள் இரு ஓடங்களுக்கும் போகின்றன. மூன்றாவது முன்கம்பி. அதைக் கட்ட நடுவில் அணியம் இல்லாதபடியால், இரு ஓடங்களின் அணியங்களிலிருந்தும் வரும் கவட்டுக் கம்பியில் அது பூட்டப்படுகிறது.

பின்னால் கம்பி இல்லையே என்று யோசிக்கத் தோன்றும். பக்கக் கம்பிகளின் கீழ்முனைகள் மரத்துக்கு நேர் பக்கத்தில் அல்லாமல் சற்றுப் பின்தள்ளிப் பூட்டப்பட்டிருப்பதில்தான் சூட்சுமம். அவை மரத்தைப் பக்கவாட்டில் சாய விடாமலும், முன்னால் விழ விடாமலும் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன. முன்கம்பி பின்னால் விழ விடாமல் பிடிக்கிறது. மூன்றில் எது போனாலும் மரம் போயிற்று.

இன்னொரு விஷயம். ஒற்றை ஓடப் படகு பலத்த காற்றில் சாயும். சாய்ந்தால் பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். அகலமான இரட்டை ஓடம் அப்படி இலகுவில் சாயாது. சாயாத படகில் காற்றின் முழு வலுவும் மரத்துக்கும் கம்பிக்கும் போகும். காற்றுப்பக்கத்து ஓடம் தண்ணீரை விட்டு எழும்பும் நேரத்தில், அந்தப் பக்கக் கம்பி ஒன்று மாத்திரம் படகும் ஆட்களும் சேர்ந்த எடைக்குக் கிட்டிய இழுவையைத் தாங்குகிறது. நாலு மில்லிமீற்றர் கூட இல்லாத கம்பி! ஆகவே மரத்தை நிமிர்த்த முதல் கம்பியைப் பார்க்க வேண்டும். பழந்துணி ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக உருவுங்கள். இழை முறிந்திருந்தால் துணியில் மாட்டும். கம்பியை நெரித்துக் கண்ணி செய்திருக்கும் முனையை நன்றாகப் பாருங்கள். கம்பி முறிவது நடுவில் அல்ல, பெரும்பாலும் அந்த வாயில்தான். துருவாத உருக்கு என்று பெயர் இருந்தாலும், உப்புத்தண்ணீர் தேங்கும் இடுக்கில் அதுவும் அரிபடும். செம்மஞ்சள் கறை கண்டால் சந்தேகப்படுங்கள். ஓரிழை முறிந்த கம்பியை “இன்னும் பதினெட்டு இழை இருக்கிறதே” என்று வைத்திருப்பது வீண் சிக்கனம்.

பாரம் எங்கே?

இருபது கிலோ எடையுள்ள எட்டு மீற்றர் மரம் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். இருபது கிலோவை ஒரு பெண்பிள்ளை கூடத் தூக்குவாள். ஆனால் அடியைத் தரையில் ஊன்றி, கிடையாகக் கிடக்கும் மரத்தை உயர்த்துவது வேறு கதை. அதன் பாரம் நடுவில், அதாவது அடியிலிருந்து நாலு மீற்றரில் இருப்பதாகக் கொள்ளலாம். நீங்கள் அடியிலிருந்து இரண்டு மீற்றரில் பிடித்தால் கைக்கு வரும் பாரம் நாற்பது கிலோ. ஒரு மீற்றரில் பிடித்தால் எண்பது. நாலு மீற்றரில் பிடித்தால் இருபது. ஆகவே முதல் தூக்கு மரத்தின் நுனிப்பக்கமாக நின்று தூக்க வேண்டியது. அடிக்குக் கிட்ட நின்று பலத்தைக் காட்டுபவர் இடுப்பைத்தான் முறித்துக்கொள்வார். மரம் உயர உயரப் பாரம் குறைகிறது. அறுபது பாகை வந்ததும் அது பாதியாகிவிடும்.

இங்கே ஒரு பொல்லாத விஷயம் உண்டு. மரத்தைப் பின்பக்கமாகக் கிடத்தி, அடியை முன்தண்டின் பீடத்திலும் உடலைப் பின்தண்டிலும் சாத்தும்போது, மரத்தின் நடு பின்தண்டுக்கும் அப்பால் போய்விடுகிறது. நுனி கனத்து, அடி மேலே எழும்பப் பார்க்கும். அடியில் குறுக்காணி போட்டுப் பூட்டாவிட்டால், தூக்கும் கணத்தில் அது பீடத்தை விட்டு வழுகி முன்னால் பாயும். எதிரே நிற்பவரின் காலையோ வயிற்றையோதான் அது தேடும். அதற்கென்றே பீடத்தில் தற்காலிகப் பிணைச்சல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பூட்டாமல் ஒருவரும் மரத்தில் கை வைக்கக்கூடாது.

இரண்டாவது பொல்லாப்பு பக்கக் கம்பிகளில் இருக்கிறது. மரம் கிடையாகக் கிடக்கும்போது அவை தொய்ந்து கிடக்கின்றன. கீழ்முனைகள் பின்தள்ளி இருப்பதனால், மரம் கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்த பின்பே அவை இறுகும். அதற்கு முன் மரம் பக்கவாட்டில் போனால் பிடிக்க ஒன்றுமில்லை. ஆகவே பக்கக் காற்றில் மரத்தை நிமிர்த்தக் கூடாது. அணியமோ பின்பக்கமோ நேர் காற்றுக்கு இருக்கும்படி படகைத் திருப்பி வையுங்கள். சோழகம் உரத்து வீசும் மாதங்களில் விடியற்காலை அடங்கிய வேளையே உகந்தது. மணலும் மட்டமாக இருக்க வேண்டும். ஓர் ஓடம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருந்தால், மரம் தொடக்கத்திலேயே பள்ளத்துப் பக்கம் சாயப் பார்க்கும்.

தொய்ந்த கம்பி எதிலாவது சிக்கிக்கொள்வதும் வழக்கம். சுக்கான் பிடியிலோ, தட்டின் விளிம்பிலோ, ஆணியொன்றிலோ மாட்டிய கம்பியோடு மரத்தை உந்தினால் அது பாதியில் நிற்கும். தூக்குகிறவர்கள் ஏனென்று தெரியாமல் இன்னும் உந்துவார்கள். ஆகவே ஒருவர் வெளியே நின்று கம்பிகளை மட்டும் பார்க்க வேண்டும். “நிறுத்து” என்று சொல்லும் உரிமை அவருக்கே. சம்மாட்டியாரே தூக்கினாலும் அவர் சொல்லுக்கு நிற்க வேண்டும்.

இருவர் தூக்கும் முறை

இருவர் இருந்தால் வேலை இலகு. பக்கக் கம்பிகள் இரண்டும் பூட்டியாயிற்று, அடியில் குறுக்காணி போட்டாயிற்று, பாயேற்றும் ஆஞ்சான் கயிற்றை மரத்தோடு சேர்த்துக் கட்டியாயிற்று என்று பார்த்துக்கொண்ட பின், ஒருவர் படகுக்குப் பின்னால் நின்று மரத்தைத் தோளுக்கு ஏற்றி, கித்தான் தட்டில் ஏறி, அடியை நோக்கி ஒவ்வோர் அடியாக நடக்கிறார். கைகள் மரத்தில் மாறி மாறிப் போகின்றன. மற்றவர் அணியப் பக்கம் நின்று, முன்கம்பியோடு முடிந்த நீளக் கயிற்றை இழுக்கிறார். தொடக்கத்தில் அவர் இழுப்பதால் பெரிய பயன் இல்லை. மரம் பாதி உயர்ந்த பின்புதான் அவருடைய இழுவை வேலை செய்யும். கடைசியில் பாரம் முழுவதும் அவர் கையில். மரம் நிமிர்ந்து, சற்று முன்னோக்கிச் சாய்ந்து பக்கக் கம்பிகள் இறுகியதும், உள்ளே நிற்பவர் மரத்தை அணைத்துப் பிடித்துக்கொள்ள, வெளியே நிற்பவர் முன்கம்பியைக் கவட்டுக் கம்பியில் பூட்டுகிறார். ஆணி போட்டு, ஆணியின் நுனித்துளையில் கம்பி வளையத்தைக் கோத்து, அதை விரலால் இழுத்துப் பார்க்கும் மட்டும் அணைத்தவர் கையை எடுக்கக்கூடாது. “பூட்டியாச்சு” என்ற சொல்லுக்கும் உண்மையில் பூட்டுப்பட்டதற்கும் இடையில் உள்ள சில விநாடிகளில்தான் மரங்கள் விழுகின்றன.

ஆள் இல்லாதபோது

தனியே நிமிர்த்த வேண்டுமானால், அல்லது மரம் கனமானால், முன்கம்பியைத் தரையில் நின்று இழுத்துப் பயனில்லை. காரணம் எளிது. மரம் கிடையாகக் கிடக்கும்போது கயிறும் மரத்தோடு ஒட்டியே போகிறது. கயிற்றுக்கும் அடிக்கும் உள்ள செங்குத்துத் தூரம் முப்பது சதமமீற்றர் என்றால், மேற்சொன்ன மரத்தை அசைக்க 260 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். நாலுபேர் தொங்கினாலும் மரம் எழாது, கம்பிதான் அறும்.

இதற்குத் தூக்குக்கால் என்று ஒன்று வைக்கிறார்கள். இரண்டு மீற்றர் நீளக் கம்பம் ஒன்றை மரத்தின் அடியில் நேர் மேலாக நிறுத்தி, மரத்திலிருந்து வரும் கயிற்றை அதன் தலையில் கட்டி, அங்கிருந்து அணியத்தில் உள்ள கப்பிக்குக் கொண்டுபோகிறார்கள். இப்போது செங்குத்துத் தூரம் இரண்டு மீற்றருக்குக் கிட்ட வருகிறது. இழுவை நாற்பதைச் சற்றுத் தாண்டும். கப்பி இரண்டு போட்டால் அதிலும் பாதி. கிணற்றில் துலா மிதித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரம் எழ எழத் தூக்குக்கால் முன்னோக்கிப் படுக்கும். மரம் நிமிரும்போது கால் கிடையாக இருக்கும். ஒற்றைக் கம்பத்துக்குப் பதில் இரண்டு கம்பங்களைக் கவட்டையாகக் கட்டி, கால்களை இரு பக்கமும் ஊன்றினால் அது பக்கவாட்டில் புரளாது. மூங்கிலே போதும்.

தனியே தூக்குபவர் பக்கவாட்டுச் சாய்வையும் தடுக்க வேண்டும். அதற்குத் தற்காலிகப் பக்கக் கயிறுகள் இரண்டு கட்டுவார்கள். அவற்றின் கீழ்முனைகளை எங்கே கட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மரத்தின் அடி எந்த ஆணியில் சுழல்கிறதோ, அந்த ஆணியை இருபக்கமும் நீட்டினால் ஒரு நேர்கோடு வரும். கயிறுகளின் கீழ்முனைகள் அந்தக் கோட்டிலேயே, அதே உயரத்திலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் மரம் கிடையாக இருந்தாலும் நிமிர்ந்திருந்தாலும் கயிற்றின் நீளம் மாறாது. ஒரு சாண் பின்னே கட்டினால் தொடக்கத்தில் தொய்யும். ஒரு சாண் முன்னே கட்டினால், தொடக்கத்தில் இறுகியிருந்த கயிறு முடிவில் தொய்ந்துவிடும். கதவின் இரு பிணைச்சல்களும் ஒரே கோட்டில் இருப்பது போலத்தான் இதுவும். எமது பைபர் படகில் பாய் அமைக்க நினைப்பவர்கள் தச்சரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். எமது படகு ஒடுங்கியது. கம்பிகள் விரிந்து நிற்க இடம் குறைவு. ஆகவே குட்டையான மரமும் சிறிய பாயுமே அதற்குப் பொருந்தும். அடியைத் துளையில் இறக்குவதை விட, பிணைச்சலில் மடங்கும்படி செய்தால் பாலத்துக்கடியிலும் போகலாம்.

மின்கம்பி

இதுவரை சொன்னவற்றில் தவறினால் எலும்பு முறியும். இதில் தவறினால் உயிர் போகும். அலுமினிய மரமும் உருக்குக் கம்பியும் மின்சாரத்துக்கு நல்ல பாதை. அமெரிக்காவில் சிறிய இரட்டை ஓடப் படகுகள் பெருகிய காலத்தில், கரையிலும் படகிறக்கும் சாய்தளங்களிலும் மரம் மேலே செல்லும் மின்கம்பியில் பட்டுப் பலர் இறந்தார்கள். கடலில் மூழ்கியவர்கள் அல்லர். மரத்தை நிமிர்த்தியவாறோ, நிமிர்த்திய மரத்தோடு படகை இழுத்துச் சென்றவாறோ இறந்தவர்கள். வழக்குகளும் நடந்தன. 1980களில் ஹோபி படகுகளின் மரத்தில் மேற்பகுதி மாத்திரம் மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையால் செய்யப்பட்டு வரத் தொடங்கியது. அதுவும் முழுப் பாதுகாப்பல்ல. கீழ்ப்பகுதி அலுமினியம்தான், கம்பிகள் உருக்குத்தான்.

இந்நாட்டில் வீதியோரம் செல்லும் உயர் அழுத்தக் கம்பிகள் 11,000 அல்லது 33,000 வோல்ற்று. பெரும்பாலும் அவற்றுக்கு உறை கிடையாது. முட்டினால்தான் என்றில்லை, மிக நெருங்கினாலே மின்பொறி பாயக்கூடும். கரையோர வீதிக்கும் கடலுக்கும் இடையில் வாடிகள் நெருங்கியிருக்கும் ஊர்களில், படகைத் தள்ளும் ஒழுங்கையின் குறுக்கே கம்பி போவது புதுமையல்ல. நாம் ஆட்களையும் மணலையும் பார்க்கிறோம், அண்ணாந்து பார்ப்பதில்லை. மாலை வெயிலில் கம்பி கண்ணுக்கும் படாது.

மர நீளத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் அங்கே நிமிர்த்த வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. எட்டு மீற்றர் மரத்துக்குப் பதினாறு மீற்றர். மரம் தவறி விழுந்தாலும் கம்பியை எட்டாது. காற்றில் படகு அரைந்தாலும் இடைவெளி மிஞ்சும். நிமிர்த்திய பின் படகை நகர்த்துவதாக இருந்தால், போகும் வழி முழுவதையும் முதலில் ஒருவர் நடந்து, மேலே பார்த்து வர வேண்டும். மூங்கில்தானே, மின்சாரம் பாயாது என்று எண்ண வேண்டாம். உப்புத்தண்ணீர் ஊறிய மூங்கிலிலும் பாயும்.

மரம் கம்பியில் பட்டுவிட்டால் படகையும் படகைப் பிடித்திருப்பவரையும் தொடக்கூடாது. ஓடிப்போய் இழுக்கும் உறவினரே அடுத்ததாக விழுவார். மின்சார சபைக்கு அறிவித்து இணைப்பைத் துண்டிக்கும் மட்டும், பிள்ளைகள் உட்பட எல்லோரையும் தூரத்தில் வையுங்கள். ஈரத் தரையிலும் மின்சாரம் பரவும். படகில் நிற்பவர் இறங்காமல் நிற்பதே நல்லது. தீப்பற்றினால் மாத்திரம், படகையும் நிலத்தையும் ஒருசேரத் தொடாமல், கால்களைச் சேர்த்துத் தூரக் குதிக்க வேண்டும். குதித்த பின்பும் கால்களை அகட்டாமல், சிறு சிறு அடியாக விலக வேண்டும்.

இறக்கும்போது

மரத்தை ஏற்றுவதில் எடுக்கும் கவனத்தை இறக்குவதில் எவரும் எடுப்பதில்லை. களைத்து வந்திருப்பார்கள், இருட்டிவிடும், பசி. முன்கம்பியின் ஆணியைக் கழற்றினால் மரம் தானாகப் பின்னால் போகும் என்பது அப்போதுதான் சிலருக்கு நினைவு வரும். ஆணியில் கை வைக்கும் முன் ஆஞ்சான் கயிற்றையோ வேறு பலமான கயிற்றையோ முன்னால் இழுத்து அணியத்தில் கட்டி, பாரத்தை அதற்கு மாற்றிவிட வேண்டும். அடியில் பூட்டும் குறுக்காணி மறுபடியும் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; ஓடும்போது அது கழற்றப்பட்டிருக்கும். பின்பு கயிற்றை ஒரு தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெதுவாக நழுவவிட வேண்டும். கையில் மட்டும் பிடித்தால் உள்ளங்கைத் தோல் போய்விடும். மரத்தின் பின்னால், அது விழக்கூடிய திசையில், தாங்குகிறவரைத் தவிர வேறொருவரும் நிற்கக்கூடாது. சிறுவர்கள் உதவிக்கு ஓடி வருவது அந்தப் பக்கம்தான்.

இறக்கிய பின் கம்பிகளை நல்ல தண்ணீரில் கழுவி, மடியாமல் பெரிய வளையமாகச் சுருட்டி மரத்தோடு கட்டுங்கள். கழற்றிய ஆணிகளையும் வளையங்களையும் சட்டைப் பையில் போடாமல், அவை இருந்த துளைகளிலேயே திரும்பக் கோத்து விடுங்கள். மணலில் விழுந்த வளையத்தைத் தேடிக் களைத்து, அதற்குப் பதிலாக இரும்பாணி ஒன்றை வளைத்துப் போட்ட படகுகள் உண்டு. இரும்பாணி ஒரு மாரியைத் தாண்டாது.